இயற்கை எதிர்ப்பாற்றலும் குழந்தைப் பருவ மூளையுறை அழற்சியும்: செங்கற்பட்டு, வேலூர் ஆய்வுகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மூளையுறை அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு எதிராக மனித உடல் மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் சளிச்சவ்வு வழியே இயற்கையாகவே எதிர்ப்பாற்றலைப் பெறுகிறது. இவ்வுண்மையைச் சான்றாகக் கொண்டு, இந்தியக் குழந்தைகளுக்குச் சில தடுப்பூசிகள் தேவையில்லை என்னும் வாதம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வலுவாக முன்வைக்கப்பட்டது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் நிகழ்ந்த பி.சி.ஜி. ஆய்வையும், வேலூரை மையமாகக் கொண்டு நிகழ்ந்த ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே ‘பி’ வகை (ஹிப்) ஆய்வுகளையும் ஒருசேர வைத்து இக்கட்டுரை அவ்வாதத்தை ஆராய்கிறது. இயற்கை எதிர்ப்பாற்றல் உண்டா, இல்லையா என்பதைவிட, அது எந்த வயதில் வந்து சேர்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும் வினா என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மூளையுறை அழற்சி, சளிச்சவ்வு எதிர்ப்பாற்றல், பி.சி.ஜி., ஹிப், செங்கற்பட்டு, வேலூர், தடுப்பூசி வரலாறு.

முன்னுரை

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே அமைந்த ஊர் திருநின்றவூர். பக்தவத்சலப் பெருமாள் கோயிலாலும், பூசலார் நாயனார் மனத்தில் எழுப்பிய கோயிலின் நினைவாக விளங்கும் இருதயாலீசுவரர் கோயிலாலும் இவ்வூர் சமய வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. மருத்துவ வரலாற்றிலும் இவ்வூரைச் சூழ்ந்த நிலப்பகுதிக்கு ஓர் இடம் உண்டு. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாக உருவாகும் வரை இவ்வூர் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தில்தான் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு 1968இல் தொடங்கியது. திருநின்றவூருக்குக் கிழக்கே ஆவடியில், தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த ஜால்மா நிறுவனத்தின் களப்பிரிவு இயங்கியது. அப்பிரிவும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் 1999இல் இணைக்கப்பட்டுத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உருவாயிற்று. அது இன்று அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கி வருகிறது.

மக்கள் இயற்கையாகப் பெறும் எதிர்ப்பாற்றலுக்கும் தடுப்பூசி தரும் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள உறவு என்ன என்னும் வினா இப்பகுதியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வந்துள்ளது. அவ்வினாவை மூளையுறை அழற்சி என்னும் ஒரு நோயின் வழியாக இக்கட்டுரை அணுகுகிறது.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் இங்குத் தேவையாகிறது. தமிழ் வழக்கில் ‘மூளைக்காய்ச்சல்’ என்னும் ஒரே சொல் இருவேறு நோய்களைக் குறிக்கிறது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்றவை மூளைத் திசுவையே தாக்குபவை. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் உறைகளில் ஏற்படும் அழற்சி வேறு; அதுவே இங்கு மூளையுறை அழற்சி எனப்படுகிறது. இருநோய்களும் ஒரே பெயரால் வழங்கப்பட்டதால், பாக்டீரியாவால் குழந்தைகளுக்கு ஏற்படும் மூளையுறை அழற்சியின் அளவு பொதுமக்கள் கவனத்தில் தனியாகப் பதியவில்லை.

சளிச்சவ்வு என்னும் எல்லை

குழந்தைகளிடம் மூளையுறை அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் மூன்று முதன்மையானவை: ஹிப், நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ். இம்மூன்றும் மனிதரின் மூக்குத் தொண்டைப் பகுதியில் குடியேறி வாழ்பவை. பெரும்பாலோரிடம் அவை எத்தீங்கும் செய்யாமல் சில வாரங்களோ மாதங்களோ தங்கி மறைகின்றன. மிகச் சிலரிடம் மட்டும் சளிச்சவ்வைக் கடந்து இரத்தத்தில் கலந்து, மூளையுறையை அடைகின்றன. எனவே, கிருமியைத் தாங்கியிருத்தல் வேறு, நோயுறுதல் வேறு. தாங்கியிருத்தலே பெரும்பாலான நேர்வுகளில் எதிர்ப்பாற்றலைத் தோற்றுவிக்கும் நிகழ்வாகவும் அமைகிறது.

சளிச்சவ்வில் சுரக்கும் ‘ஐஜிஏ’ வகை எதிர்ப்பொருள், கிருமி ஒட்டுவதைத் தடுக்கும் முதற்காவலாகச் செயற்படுகிறது. இக்காவலைக் குலைக்கும் கருவியும் கிருமிகளிடம் உண்டு. ஐஜிஏ எதிர்ப்பொருளின் ஒரு துணைவகையை வெட்டிச் சிதைக்கும் நொதியை மேற்கூறிய மூன்று பாக்டீரியாக்களுமே சுரக்கின்றன. நைசீரியா இனத்தில் நோய் உண்டாக்கும் வகைகள் இந்நொதியைச் சுரப்பதையும், தீங்கற்ற வகைகள் சுரக்காததையும் மல்க்ஸ், பிளாட் ஆகியோர் 1978இல் எடுத்துக்காட்டினர். சளிச்சவ்வு என்பது மூடிய மதில் அன்று. இருதரப்பும் இடையறாது பொருதும் எல்லை என்பதை இக்கண்டுபிடிப்பு உணர்த்தியது.

கிருமி சளிச்சவ்வைக் கடந்துவிட்டால் அடுத்த காவல் இரத்தத்தில் உள்ளது. இம்மூன்று பாக்டீரியாக்களும் பல்சர்க்கரையால் ஆன உறையைப் போர்த்தியுள்ளன. அவ்வுறைக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால் கிருமி விரைவில் அழிக்கப்படுகிறது. இங்கு ஓர் இடர் எழுகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடல், புரதங்களுக்கு எதிர்ப்பொருளை நன்கு உருவாக்கும். வெறும் பல்சர்க்கரைக்கு எதிராக அவ்வாறு உருவாக்க இயலாது. இந்த உடலியல் குறைபாடே பின்வரும் வரலாறு முழுவதற்கும் அடிப்படையாகும்.

இயற்கை எதிர்ப்பாற்றலின் கண்டுபிடிப்பு

1933இல் பாஸ்டன் நகரில் ஃபாதர்கில், ரைட் ஆகிய இருவரும் எளிய ஆய்வொன்றை வெளியிட்டனர். வெவ்வேறு வயதினரின் இரத்தம் ஹீமோஃபிலஸ் கிருமியைக் கொல்லும் திறனை அவர்கள் அளந்தனர். பிறந்த குழந்தையின் இரத்தத்தில் அத்திறன் இருந்தது. அது தாயிடமிருந்து கொப்பூழ்க்கொடி வழியே வந்தது. சில மாதங்களில் அது மறைந்தது. பின்னர் மூன்று வயதளவில் குழந்தை தானாகவே அத்திறனைப் பெறத் தொடங்கியது. நோய் மிகுதியாகத் தாக்கிய வயது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தோடு பொருந்தி நின்றது.

மெனிஞ்சோகாக்கஸ் குறித்து இதே உண்மையை 1969இல் கோல்ட்ஷ்னைடர், காட்ஷ்லிக், ஆர்ட்டென்ஸ்டைன் ஆகியோர் நிறுவினர். அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் படைப்பயிற்சி முகாமுக்கு வந்த 14,744 வீரர்களின் இரத்த மாதிரிகள் தொடக்கத்திலேயே சேமிக்கப்பட்டன. பின்னர் நோயுற்றவர்களுள் 54 பேரின் தொடக்க மாதிரிகளை ஆராய்ந்தபோது, மூவரிடம் மட்டுமே கிருமியைக் கொல்லும் திறன் இருந்தமை தெரியவந்தது. நோயுறாத 540 பேருள் 444 பேரிடம் அத்திறன் இருந்தது. இயற்கையாகப் பெற்ற எதிர்ப்பொருளே பாதுகாப்பளிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. குழந்தைகளைப் பொறுத்தவரை, ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான காலத்தில்தான் எதிர்ப்பொருள் மிகக் குறைந்திருந்தது. நோயும் அப்போதுதான் உச்சத்தில் இருந்தது.

இவ்வெதிர்ப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த வினா. கொடிய கிருமியைச் சந்திக்காமலேயே அதற்கு எதிரான எதிர்ப்பொருளைக் குழந்தைகள் பெறுவது கவனிக்கப்பட்டது. 1975இல் ஷ்னீயர்சன், ராபின்ஸ் ஆகியோர் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். ‘கே100’ என்னும் உறையைக் கொண்ட ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் உறை, ஹிப் கிருமியின் உறையை ஒத்தது. அதனைத் தன்னார்வலர்களுக்கு உண்ணக் கொடுத்தபோது ஹிப்புக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்கள் இரத்தத்தில் உயர்ந்தது. குடலின் சளிச்சவ்வு, மூளையுறையைத் தாக்கும் கிருமிக்கு எதிராக உடலைப் பயிற்றுவிக்க முடியும் என்பது இதனால் புலனாயிற்று.

மூக்குத் தொண்டையிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் நகரில் நிகழ்ந்து 1978இல் வெளிவந்த ஆய்வில், நைசீரியா லாக்டாமிகா என்னும் தீங்கற்ற பாக்டீரியா ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளுள் 21 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. முதல் நான்கு ஆண்டுகளில் மெனிஞ்சோகாக்கஸ் 0.7 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. தீங்கற்ற உறவினம் முன்னே வந்து குடியேறி, கொடிய இனத்துக்கு எதிராக உடலை ஆயத்தப்படுத்துகிறது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. நைசீரியா லாக்டாமிகாவை மூக்கில் இட்டுக்கொண்ட பிரித்தானிய மாணவர்களிடம் மெனிஞ்சோகாக்கஸ் குடியேற்றம் குறைந்ததை 2015இல் வெளிவந்த ஆய்வொன்று மேலும் உறுதிசெய்தது.

ஆகவே, இயற்கை எதிர்ப்பாற்றல் என்பது கற்பனையன்று. நிறுவப்பட்ட அறிவியல் உண்மை. ஆயினும், அதனை நிறுவிய அதே ஆய்வுகள் அதன் காலத்தாழ்ச்சியையும் உடன் நிறுவின. பிற்கால விவாதங்களில் முதற்பகுதி மேற்கோளாக எடுத்தாளப்பட்டதுபோல இரண்டாம் பகுதி எடுத்தாளப்படவில்லை.

செங்கற்பட்டு தந்த பாடம்

காசநோய்க் கிருமியும் மூளையுறையைத் தாக்கும் பாக்டீரியாவே. ஆனால் அது மூக்குத் தொண்டையில் குடியேறி வாழ்வதன்று; மூச்சுவழி நுரையீரலை அடைந்து, அங்கிருந்து இரத்தம் வழியே மூளையுறைக்குச் செல்வது. அதற்கெதிரான பாதுகாப்பும் முதன்மையாக எதிர்ப்பொருளால் அன்றி உயிரணுக்களால் அமைவது. இவ்வேறுபாடுகளை மனத்திற்கொண்டே அடுத்த நிகழ்வை நோக்க வேண்டும்.

இந்தியாவில் பி.சி.ஜி. பணி 1948இல் தொடங்கியது. அதற்கான ஆய்வுக்கூடம் கிண்டியில் அமைந்தது. 1955இல் இராஜாஜி இத்தடுப்பூசி இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். அதன் பயன் எவ்வளவு என்பதை இந்திய மண்ணிலேயே அளந்தறிய வேண்டிய தேவை தொடர்ந்து உணரப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகியவற்றின் கூட்டு முயற்சியாகச் செங்கற்பட்டு ஆய்வு 1968இல் தொடங்கியது. 1971க்குள் ஏறத்தாழ 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற ஒப்பீட்டு ஊசியோ போடப்பட்டது. எவருக்கு எது போடப்பட்டது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

ஏழரை ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 1979–80இல் வெளிவந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் தடுப்பூசி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே பயனுள்ள வேறுபாடு காணப்படவில்லை. 1999இல் வெளிவந்த பதினைந்தாண்டு முடிவும் அதனையே உறுதிப்படுத்தியது.

இம்முடிவுக்குத் தரப்பட்ட விளக்கங்களுள் இயற்கை எதிர்ப்பாற்றல் சார்ந்த விளக்கம் முதன்மையானது. இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவினங்கள் நிறைந்துள்ளன. தோல் சோதனைகளின்படி, வளர்ந்தோருள் பெரும்பாலோர் அவற்றை ஏற்கெனவே எதிர்கொண்டிருந்தனர். இத்தகைய கிருமிகளை முன்னரே எதிர்கொண்ட சீமைப்பெருச்சாளிகளுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைப்பதையும், அதன்மேல் பி.சி.ஜி. சேர்க்கும் பயன் சிறிதே என்பதையும் பால்மர், லாங் ஆகியோர் 1966இலேயே காட்டியிருந்தனர். செங்கற்பட்டு மக்கள் வாய், மூச்சு, தோல் வழியே இயற்கையான ‘தடுப்பூசி’யைப் பெற்றிருந்ததால், செயற்கையான தடுப்பூசியின் பயன் தனித்துத் தெரியவில்லை என்பதே இவ்விளக்கத்தின் சாரம்.

இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும் இரு செய்திகள் எஞ்சுகின்றன. முதலாவது, இயற்கை எதிர்ப்பு பரவலாக இருந்த அதே மாவட்டத்தில் காசநோயும் மிகுதியாக இருந்தது. எதிர்ப்பு இருந்தது, போதிய பாதுகாப்பு இல்லை. இரண்டாவது, இவ்வாய்வு அளந்தது நுரையீரல் காசநோயை; குழந்தைகளின் காசநோய் மூளையுறை அழற்சியை அன்று. மண்ணின் கிருமிகளை இன்னும் எதிர்கொள்ளாத பச்சிளங்குழந்தைக்கு ‘முன்பே பெற்ற எதிர்ப்பாற்றல்’ என ஒன்று இருக்க இயலாது. சென்னையில் நோயுற்ற குழந்தைகளையும் நோயுறாத குழந்தைகளையும் ஒப்பிட்டு 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வு, காசநோய் மூளையுறை அழற்சிக்கு எதிராக பி.சி.ஜி. குறிப்பிடத்தக்க பாதுகாப்பளிப்பதைக் காட்டியது. பிறநாட்டு ஆய்வுகளும் இதனை ஒத்தே அமைந்தன. எனவேதான் செங்கற்பட்டு முடிவுக்குப் பின்னரும் இந்தியா பி.சி.ஜி.யைக் கைவிடவில்லை, பிறந்தவுடன் போடும் ஊசியாக அதனைத் தொடர்ந்தது. வளர்ந்தோருக்குப் பொருந்திய முடிவு குழந்தைக்குப் பொருந்தவில்லை. வேறுபடுத்தியது வயது.

‘இந்தியாவில் ஹிப் ஒரு சிக்கலா?’

இதே வினா இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கிருமியை முன்னிட்டு எழுந்தது. பல்சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்து உருவாக்கிய ஹிப் தடுப்பூசி 1980களின் இறுதியில் மேலைநாடுகளில் நடைமுறைக்கு வந்து, அங்கு ஹிப் மூளையுறை அழற்சியை ஏறத்தாழ ஒழித்தது. இந்தியாவுக்கு அது தேவையா என்பதில் கருத்து ஒருமைப்படவில்லை. ஆசியாவில் ஹிப் அரிது என்னும் எண்ணம் பரவலாக இருந்தது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முதன்மைப் பங்காற்றிய ஆறு மருத்துவமனைகளின் கூட்டாய்வு 1993 முதல் 1997 வரை நிகழ்ந்தது. 5,798 நோயாளிகளை ஆராய்ந்ததில் 125 பேரிடம் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே தொற்று கண்டறியப்பட்டது; அவற்றுள் 97 விழுக்காடு ‘பி’ வகை. 108 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டோர். 2002இல் வெளிவந்த இவ்வாய்வின் தலைப்பே, இத்தொற்று இந்தியாவில் குறிப்பிடத்தக்க சிக்கலா என்னும் வினாவாக அமைந்தது. கிருமி இங்கு உண்டு என்பதை அது ஐயமற நிறுவியது. மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு என்பதை மருத்துவமனை ஆய்வால் கூற இயலவில்லை.

எதிர்வாதம் தில்லியிலிருந்து வந்தது. குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேலும் உடன் ஆய்வாளர்களும் இந்தியக் குழந்தைகள் ஹிப்புக்கு எதிரான எதிர்ப்பொருளை இயற்கையாகவே பெற்றிருப்பதை 2001இல் பதிவுசெய்தனர். நெரிசலான வாழ்விடம், கிருமியை இளமையிலேயே எதிர்கொள்ளல், ஒத்த உறையுடைய குடல் பாக்டீரியா ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கருதப்பட்டன. தடுப்பூசியின் விலை, பன்னாட்டு நிதியுதவி நின்றபின் ஏற்படும் சுமை, நோயின் உண்மையான அளவு குறித்த சான்றின்மை ஆகியவையும் இத்தரப்பால் எழுப்பப்பட்டன. இவ்வினாக்கள் நேர்மையானவை, பொதுப்பணத்தைச் செலவிடும் எந்த அரசும் எதிர்கொள்ள வேண்டியவை.

இவ்விடத்தில் ஆய்வுக்கூடம் சார்ந்த ஓர் உண்மையும் கருதத்தக்கது. ஹீமோஃபிலஸ் கிருமி எளிதில் வளராதது. ‘எக்ஸ்’, ‘வி’ எனப்படும் இரு வளர்ச்சிக் காரணிகள் அதற்குத் தேவை. இரத்தத்தைச் சூடாக்கிச் செய்யும் சாக்லேட் அகர் என்னும் ஊடகத்தில்தான் அது நன்கு வளரும். குழந்தைக்கு முன்னரே நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டிருந்தால் தண்டுவட நீரில் கிருமி தென்படாமலே போகலாம். கண்டறியப்படாமை, நோய் இல்லாமையாகவும், நோய் இல்லாமை, இயற்கை எதிர்ப்பாற்றலாகவும் பொருள்கொள்ளப்பட வாய்ப்பிருந்தது.

மக்கள்தொகை அளவிலான விடை 2008இல் வேலூரிலிருந்து வந்தது. மின்ஸ் முதலானோர் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 7.1 பேர் ஹிப் மூளையுறை அழற்சிக்கு ஆளாயினர். ஒரு வயதுக்கு உட்பட்டோரை மட்டும் கணக்கிட்டால் அது இலட்சத்துக்கு 32 ஆகும். இரண்டு வயதுக்கு உட்பட்டோரிடம் 19.

இம்மூன்று எண்களையும் இருதரப்பினரும் தத்தமக்கு ஏற்ப வாசித்தனர். 7.1 என்பது சிறிய எண். நோய்ச்சுமை குறைவு என்றது ஒரு தரப்பு. கண்டறியப்படாதவை பல என்றது மறுதரப்பு. ஆனால் இவ்வெண்களின் உண்மைப் பொருள் அவற்றின் வரிசையில் உள்ளது. வயது குறையக் குறைய எண் ஏறுகிறது: 7.1, 19, 32. பாஸ்டனில் 1933இல் கண்ட அதே வளைவு எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வேலூரிலும் வெளிப்பட்டது. இயற்கை எதிர்ப்பாற்றல் தமிழ்க் குழந்தைகளிடமும் செயற்படுகிறது. எனவேதான் மூத்த குழந்தைகளிடம் நோய் அரிதாகிறது. அது முதல் ஆண்டில் வந்து சேரவில்லை; எனவேதான் கைக்குழந்தைகளிடம் நோய் மிகுகிறது.

எதிர்ப்பொருள் ஆய்வும் நோய்க் கணக்கும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது இதனால் தெளிவாகிறது. இலட்சம் கைக்குழந்தைகளுள் 32 பேர் நோயுறுகின்றனர் எனில், ஏனையோர் நோயுறாமலேயே அவ்வயதைக் கடக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் காலப்போக்கில் எதிர்ப்பாற்றலும் பெறுகின்றனர். இயற்கையின் முறை பெரும்பான்மையோருக்குப் பயன்படுகிறது. ஆயினும் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 கோடிக் குழந்தைகள் பிறந்த காலத்தில், வேலூரின் விகிதம் நாடெங்கும் பொருந்துமாயின், முதல் வயதிலேயே ஏறத்தாழ 8,000 குழந்தைகள் ஆண்டுதோறும் ஹிப் மூளையுறை அழற்சிக்கு ஆளாகியிருப்பர். ஒரு மாவட்டத்தின் விகிதத்தை நாடு முழுமைக்கும் விரிப்பதில் பிழைக்கு இடமுண்டு. என்றாலும், விழுக்காட்டில் புலப்படாத ஒன்று எண்ணிக்கையில் எவ்வளவு பெரிதாகும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. பிழைத்தவர்களுள்ளும் சிலருக்குச் செவிட்டுத்தன்மை, வலிப்பு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை எஞ்சும் என்பதையும் சேர்த்தே இதனை மதிப்பிட வேண்டும்.

எதிர்ப்பொருள் ஆய்வுகளை வாசிப்பதில் மேலும் இரு கவனங்கள் தேவை. மிக இளங்குழந்தையின் இரத்தத்தில் காணும் எதிர்ப்பொருளில் தாயின் பங்கும் கலந்துள்ளது. அது சில மாதங்களில் கரையும். மூத்த குழந்தையிடம் காணும் எதிர்ப்பொருள், அக்குழந்தை ஆபத்தான காலத்தை ஏற்கெனவே கடந்துவிட்டதன் பதிவு. கடக்க இயலாத குழந்தை அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

சளிச்சவ்வைப் பயிற்றுவிக்கும் முயற்சிகள்

இயற்கையின் முறையையே விரைவுபடுத்த இயலுமா என்னும் முயற்சியும் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. ஊரகப் பகுதிக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் வைட்டமின் ஏ கொடுத்து ஆராய்ந்த குழுவினர், மூக்குத் தொண்டையில் நிமோகாக்கஸ் குடியேற்றத்தையும் அளந்தனர். இரண்டு மாத வயதிலேயே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அக்கிருமி குடியேறியிருந்தது. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளுள், இரண்டாம் மாதத்தில் கிருமி குடியேறாதிருந்தோரிடம் நான்காம் மாதத்தில் அது குடியேறும் வாய்ப்பு குறைந்திருந்ததை 2001இல் வெளியான முடிவு காட்டியது. சளிச்சவ்வின் நலத்துக்கு இன்றியமையாத வைட்டமின் கிருமியின் வருகையைச் சற்றே தள்ளிவைத்தது, முற்றிலும் தடுக்கவில்லை. குடல் பாக்டீரியா ஹிப்புக்கு எதிராகப் பயிற்றுவிக்கும் வரை காத்திருக்க இயலாத அளவுக்கு இங்குக் கிருமிகளின் வருகை முந்தியது என்பதையும் இவ்வாய்வு உணர்த்துகிறது.

புரத இணைப்புத் தடுப்பூசி இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. குழந்தையின் உடல் அறியாத பல்சர்க்கரையை, அது அறியும் புரதத்தோடு பிணைத்துத் தருவதே அதன் நுட்பம். அத்தோடு, இத்தடுப்பூசி மூக்குத் தொண்டையில் கிருமி குடியேறுவதையும் குறைத்தது. புணேயில் உள்ள சீரம் நிறுவனம் உருவாக்கிய மெனிஞ்சோகாக்கஸ் ‘ஏ’ வகைத் தடுப்பூசி 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் 1 முதல் 29 வயது வரையிலானோருக்குப் போடப்பட்டபோது, நோயோடு அக்கிருமியைத் தாங்கியிருத்தலும் ஏறத்தாழ மறைந்தது. தடுப்பூசி பெறாதவரும் அதனால் காக்கப்பட்டனர். சளிச்சவ்வில் இயற்கை நிகழ்த்துவதைத் தடுப்பூசி மறுக்கவில்லை. உரிய காலத்துக்கு முன்னே கொணர்ந்தது.

தமிழ்நாட்டின் முடிவு

இந்தியாவின் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2008இல் ஹிப் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. அதனை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. விவாதங்களுக்குப் பின், 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் நாட்டிலேயே முதலாவதாக, ஹிப்பையும் உள்ளடக்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசியைப் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் சேர்த்தன. பிறந்து 6, 10, 14 வாரங்களில் அது போடப்படுகிறது. தாய் தந்த எதிர்ப்பொருள் கரைந்து முடிவதற்குள் குழந்தையின் சொந்த எதிர்ப்பொருள் உருவாக வேண்டும் என்பதே இக்கால அட்டவணையின் உட்பொருள். ஃபாதர்கில், ரைட் ஆகியோர் வரைந்த வளைவின் பள்ளத்தை நிரப்பும் முயற்சியே அது.

அறிமுகத்துக்குப் பின் நோயின் போக்கைக் கண்காணிக்க மருத்துவமனைகள் சார்ந்த வலையமைப்பு 2012இல் உருவாக்கப்பட்டது. அதன் தொடக்க முடிவுகளைத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினரும் வேலூர் மருத்துவக் கல்லூரியினரும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். அவற்றின்படி, உறுதிசெய்யப்பட்ட நேர்வுகளுள் பெரும்பான்மை நிமோகாக்கஸால் ஏற்பட்டவை. ஹிப் அடுத்த இடத்தில் நின்றது. மெனிஞ்சோகாக்கஸ் மிகக் குறைவு. 2021இல் தமிழ்நாட்டுத் திட்டத்தில் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் சேர்ந்தது. செங்கற்பட்டு ஆய்வு நிகழ்ந்த பகுதியில் இன்று பிறக்கும் குழந்தை, பிறந்தவுடன் பி.சி.ஜி.யையும், பதினான்கு வாரத்துக்குள் ஹிப், நிமோகாக்கஸ் ஊசிகளையும் பெறுகிறது. அவற்றின் தேவையை நிறுவிய சான்றுகளுள் ஒரு பகுதி அக்குழந்தையின் முன்னோர் பங்கேற்ற ஆய்வுகளிலிருந்தே வந்தது.

முடிவுரை

மூளையுறை அழற்சிக் கிருமிகளுக்கு எதிரான இயற்கை எதிர்ப்பாற்றல் உண்மையானது என்பதும், அது சளிச்சவ்வில் கிருமிகளை எதிர்கொள்வதால் வளர்கிறது என்பதும் இவ்வரலாற்றால் தெளிவாகின்றன. இதனை முன்வைத்தோர் அறிவியலுக்குப் புறம்பாகப் பேசவில்லை. அவர்களின் வாதத்தில் விடுபட்டது காலம் என்னும் கூறு. மக்கள்தொகை முழுவதற்குமாகக் கூறப்படும் சராசரி, ஆறு மாதக் குழந்தையின் நிலையைக் கூறுவதில்லை.

செங்கற்பட்டு ஆய்வு, இயற்கை எதிர்ப்பு பரவியுள்ள இடத்தில் தடுப்பூசியின் பயன் மறைந்துபோகலாம் என்று கற்பித்தது. வேலூர் ஆய்வு, அவ்வெதிர்ப்பு இன்னும் வந்து சேராத வயதில் நோய் குவிகிறது என்று கற்பித்தது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் ஒன்றின் பொருள் மற்றொன்றால் விளங்குகிறது. நோயெதிர்ப்புக் குறித்த எந்தக் கணக்கும், அது யாருடைய எதிர்ப்பு என்பதோடு எந்த வயதின் எதிர்ப்பு என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். இனி வரும் தடுப்பூசி விவாதங்களுக்கு இவ்விரு மாவட்டங்களும் விட்டுச்சென்றுள்ள அளவுகோல் அதுவே.